வாய் படிக்கிறது, மனம் படிக்கிறதா?

ஒரு வீட்டுக் காட்சியை எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

ஆலையிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. தந்தை பிரித்துப் பார்க்கிறார். அத்தனையும் ஆங்கிலம். இருபது ஆண்டுகளாக இயந்திரத்தின் மூச்சை அறிந்தவர் அவர். ஆனால், இந்தத் தாளின் பேச்சை அறியாதவர். அதனால் என்ன? பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் வீட்டிலே இருக்கிறானே!

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்கிறார்.

பையன் படிக்கிறான். தங்கு தடையில்லை, தடுமாற்றமில்லை. எழுத்தைக் கூட்டாமல் ஒரே ஓட்டமாகப் படிக்கிறான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த தாயின் முகம் மலர்கிறது. நம் பிள்ளை இங்கிலீஷ் படிக்கிறான் என்ற பூரிப்பு! படித்து முடிந்ததும் தந்தை கேட்கிறார்: "என்னப்பா சொல்லியிருக்கான்?"

பையன் தாளைப் பார்க்கிறான், தந்தையைப் பார்க்கிறான், தலையைக் குனிந்து கொள்கிறான். "தெரியலைப்பா" என்கிறான்.

ஏழு நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். தொழிற்சங்க அலுவலகத்திலே செயலாளர் படித்துச் சொன்ன பிறகே தந்தைக்கு அது தெரிகிறது. அதற்குள் ஏழிலே மூன்று நாட்கள் போய்விட்டன!

இந்தக் காட்சிக்கு நாம் ஊர்ப் பெயரும் இடவில்லை, ஆள் பெயரும் இடவில்லை. எந்த ஊரையும் எந்தப் பெயரையும் இட்டுக் கொள்ளலாம் என்பதாலேயே இடவில்லை. அந்தப் பையன் மந்தபுத்திக்காரன் அல்ல. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலப் பாடம் படித்தவன். மனப்பாடச் செய்யுளை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பான். கட்டுரையைக் காற்புள்ளி தவறாமல் எழுதுவான். தேர்விலே 35 மதிப்பெண் என்ன, அறுபதும் எழுபதும் வாங்குவான். ஆனால், தேர்வுத்தாளில் வராத ஒரு கடிதம், தன் அப்பாவின் வேலையைப் பற்றிய ஒரு கடிதம் வந்தபோது வாய் படித்தது, மனம் படிக்கவில்லை!

குற்றவாளி யார்? பையனா? இல்லை. அவனுக்குப் பாடம் நடத்திய ஆசிரியரா? அவசரப்பட்டு அவரைக் கூண்டிலே ஏற்றிவிட வேண்டாம். குற்றம் முறையிலே இருக்கிறது. படித்துப் பொருளுணரும் ஆற்றலை நம் உயர்நிலைப் பள்ளிகளிலே நாம் சோதிக்கிறோம், ஆனால் சொல்லிக் கொடுப்பதில்லை. சோதிப்பதையாவது ஒழுங்காகச் சோதிக்கிறோமா என்றால், அதுவும் இல்லை.

ஐயமிருந்தால் ஒரு சிறு தேர்வு எழுதிப் பாருங்கள். கேள்விக்கான பத்தி இது: "குறுமல் நேற்றுத் தொங்கரையில் மூன்று துமிளிகளை நொளுவியது." இதற்கு என்ன பொருள்? ஒரு பொருளும் இல்லை. நாமே புனைந்த வெற்றுச் சொற்கள்! ஆனால், கேள்விகளைப் பாருங்கள். குறுமல் எதை நொளுவியது? துமிளிகளை. எங்கே நொளுவியது? தொங்கரையில். எத்தனை? மூன்று. மூன்று கேள்வி, மூன்று மதிப்பெண், முழு வெற்றி! குறுமல் பறவையா, பாத்திரமா என்பது தெரியாமலேயே தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள்!

ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து, கீழே ஐந்து கேள்வி கேட்கும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். கேள்வியிலே உள்ள சொல்லைப் பத்தியிலே தேடு, அது இருக்கும் வரியை அப்படியே எடுத்து எழுது! பையன் கண்டுபிடித்த உத்தி அல்ல இது. "இப்படிச் செய்தால் மார்க் வரும்" என்று தேர்வுக்கு முந்தின மாதம் அவனுக்குக் கற்றுத்தரப்படும் உத்தி.

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. அமெரிக்காவிலே டோலோரஸ் டர்க்கின் என்ற கல்வியறிஞர் வகுப்பறைகளிலே உட்கார்ந்து, நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களை ஏறத்தாழ 4,500 நிமிடங்கள் கவனித்தார். பொருளுணர்ந்து படிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கச் செலவான நேரம் அதிலே எவ்வளவு? அரைமணி நேரம்கூடத் தேறவில்லை! மற்ற நேரமெல்லாம் கேள்வி கேட்பதும், விடை சரியா தவறா என்று பார்ப்பதும், பயிற்சித்தாள் கொடுப்பதுமாகவே போயிற்று. 1978-79இல் வெளிவந்த அந்த ஆய்வு கல்வியுலகையே உலுக்கியது. நீச்சல் தெரியுமா என்று நாள்தோறும் குளத்திலே தள்ளிப் பார்ப்பதற்குப் பெயர் நீச்சல் பயிற்சியா?

"ஆங்கிலப் பாடம் நடத்தும் முறையைப் பற்றி அரசியல் ஏடு ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். நாம் கவலைப்படாமல் வேறு யார் கவலைப்படுவது?

1938இலே இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்றது இந்த இயக்கம். 1965இலே தமிழகத்து மாணவர்கள் தெருவிலே நின்றார்கள், துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டினார்கள். அதன் விளைவாக, அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968 சனவரி 23ஆம் நாள், தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற இருமொழித் தீர்மானம் சட்டமன்றத்திலே நிறைவேறியது. தமிழ் நம் வீடு, ஆங்கிலம் உலகைப் பார்க்கும் சாளரம் என்று மேடைதோறும் முழங்கினோம், முழங்குகிறோம். சரி. அந்தச் சாளரம் யாருக்குத் திறந்திருக்கிறது? கட்டணம் கட்டிப் படிக்கும் வீட்டுப் பிள்ளைக்குத் திறந்திருக்கிறது. கைத்தறிக்காரர் மகளுக்கு? கட்டடத் தொழிலாளி மகனுக்கு? சாளரத்தின் சட்டத்தை அவர்கள் தடவிப் பார்க்கிறார்கள். கதவு திறக்கவில்லை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைக் காட்டி மும்மொழி பேசுவோர், "இந்தியைப் படிக்காததால்தான் தமிழ்ப் பிள்ளைகள் பின்தங்கினார்கள்" என்கிறார்கள். இரண்டாவது மொழியிலே ஒரு பக்கத்தைப் படித்துப் பொருள் சொல்ல முடியாமல் தவிக்கும் பிள்ளையின் தலையிலே மூன்றாவது மொழியையும் ஏற்றுவதா மருந்து? இரண்டையும் முழுமையாகக் கற்றுக் கொடுப்பதே மருந்து! அவர்களுக்கு நாம் தரும் உண்மையான பதில் மேடையிலே இல்லை, ஒன்பதாம் வகுப்பு அறையிலே இருக்கிறது.

தொழிலாளிக்கு இது வயிற்றுப் பிரச்சினையுங்கூட. அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். அங்கே தமிழும் ஒலிக்க வேண்டும் என்று 2006இலே நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் தில்லி இசையவில்லை. அந்த உரிமைப் போர் தொடரட்டும். ஆனால் அது வெல்லும் நாள் வரையிலே, வேலைநீக்க வழக்கின் தீர்ப்பும் ஆங்கிலத்திலே, இயந்திரத்தின் பாதுகாப்புக் கையேடும் ஆங்கிலத்திலே, வங்கிக் கடன் பத்திரமும் ஆங்கிலத்திலே! புரியாமல் கையெழுத்திடுகிறவன் தன் கையைத் தானே கட்டிக் கொடுக்கிறான்.

என்ன செய்யலாம்? வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. நம் மண்ணுக்கு அருகிலேயே, நம் மண்ணிலேயேகூடக் கண்டறிந்து வைத்திருக்கிறார்கள்.

நூறாண்டுகளுக்கு முன் டாக்காவிலே பணியாற்றியவர் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர். வங்காளத்துப் பிள்ளைகளின் நிலையைப் பார்த்து 1926இலே ஒரு நூல் எழுதினார். ஆயுள் காப்பீட்டிலே 'சரண்டர் மதிப்பு' என்று ஒன்று உண்டு அல்லவா? பாலிசியைப் பாதியிலே நிறுத்தினாலும் கைக்கு வரும் தொகை. அந்தச் சொல்லைத்தான் அவர் கல்விக்குப் பயன்படுத்தினார். பள்ளியைப் பாதியிலே விட்டுப் போகும் ஏழைப் பிள்ளையின் கையிலே என்ன மிஞ்சும்? பாதி இலக்கணம் மிஞ்சினால் பயனில்லை. பேச ஆளில்லாத ஊரிலே பாதிப் பேச்சு மிஞ்சியும் பயனில்லை. படித்துப் புரிந்துகொள்ளும் ஆற்றல் மிஞ்சினால், அது கொஞ்சமாக இருந்தாலும், அந்தக் கொஞ்சமும் காசாகும் என்றார். எளிய சொற்களால் ஆன படிப்படியான வாசிப்பு நூல்களை ஆக்கினார். ஒரு பக்கத்திலே தெரியாத சொற்கள் மலிந்து கிடந்தால் எவனும் படிக்க மாட்டான் என்பது அவர் கண்ட உண்மை. உதவியில்லாமல் படித்துப் புரிய வேண்டுமானால், நூறு சொல்லிலே தொண்ணூற்றெட்டாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பிற்கால ஆய்வும் அதையே சொல்கிறது. நம் பாடநூலின் ஒரு பக்கத்தை எடுத்து, பின்வரிசைப் பிள்ளைக்குத் தெரியாத சொல்லை எண்ணிப் பாருங்கள். நோட்சை அவன் ஏன் நாடுகிறான் என்பது அப்போது விளங்கும்.

அடுத்து, நம் வாசலுக்கே வருவோம். 1979 முதல் 1984 வரை, என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியறிஞர் பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளி வகுப்புகளிலே ஒரு புது முறையை நடத்திக் காட்டினார். "வினைச்சொல்லின் மூன்று காலங்களையும் எழுது" என்று அவர் தொடங்கவில்லை. தொடர்வண்டிக் கால அட்டவணையைக் கொடுத்தார், வரைபடத்தைக் கொடுத்தார், அதை வைத்துத் தீர்க்க வேண்டிய ஒரு சிக்கலைக் கொடுத்தார். காலை ஒன்பது மணிக்குள் விழுப்புரம் போய்ச் சேர வேண்டுமானால் எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும்? இப்படி ஒரு கேள்வி வந்தால், வரியைப் பெயர்த்து எழுதித் தப்பிக்க முடியாது. படித்தாக வேண்டும், ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும், முடிவுக்கு வந்தாக வேண்டும். பொருளிலே மனம் பதிந்தால் மொழி தானே வந்து படியும் என்பதே அவர் கொள்கை.

மூன்றாவது முறையைக் கேட்டால், "அட, இது நம்முடையதாயிற்றே!" என்பீர்கள். 1984இலே பாலின்சார், பிரவுன் என்ற இரு அமெரிக்கப் பெண்மணிகள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக் கொண்டவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். எழுத்தைத் தடையின்றிப் படிப்பார்கள், ஆனால் பொருள் ஏறாது. நாம் மேலே கண்ட பையனைப் போன்றவர்களே! சிறு குழுவாக உட்கார வைத்து, ஒரு பத்தியைப் படித்ததும் நான்கு வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். புரியாத இடத்தை ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து தெளிவாக்க வேண்டும். பத்தியைப் பற்றி ஒருவன் கேள்வி கேட்க வேண்டும். ஒருவன் சுருக்கிச் சொல்ல வேண்டும். அடுத்து என்ன வரும் என்று ஒருவன் ஊகிக்க வேண்டும். முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார், பிறகு பிள்ளைகள் முறைவைத்து ஆசிரியராவார்கள். சில வாரங்களிலேயே பெரும் முன்னேற்றம் தெரிந்தது.

நம் படிப்பகங்களிலே நடந்தது என்ன? ஏடு வந்ததும் எழுத்தறிந்த தோழர் உரக்கப் படிப்பார். சுற்றிலும் நெசவாளி, வண்டிக்காரர், சுமைதூக்குபவர். "அதென்னங்க, ஒத்திவைப்புத் தீர்மானம்?" என்று ஒருவர் கேட்பார். தெரிந்தவர் விளக்குவார். "இதைச் சொன்னவர் போன மாசம் வேற மாதிரி அல்லவா சொன்னார்?" என்று இன்னொருவர் மடக்குவார். "ஆக, சங்கதி இதுதான்" என்று ஒரு பெரியவர் இரண்டே வரியிலே முடித்து வைப்பார். "நாளைக்கு என்ன பதில் சொல்றார் பாரு" என்று இளைஞர் ஒருவர் ஊகிப்பார். தெளிவாக்கல், கேள்வி, சுருக்கம், ஊகம். நான்கும் வந்துவிட்டன அல்லவா? பட்டம் பெறாத பாட்டாளிகள் தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் செய்து காட்டியதைத்தான் ஆய்வு பின்னாளிலே அளந்து சொன்னது. இதைத் தமிழிலே செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திலே செய்ய முடியாதா?

அந்தப் படிப்பகக் காட்சியிலே இன்னொரு பாடமும் உண்டு. கேட்டவர்களுக்கு விலைவாசி தெரியும், கூலி தெரியும், ஆகவே செய்தி புரிந்தது. 1988இலே அமெரிக்காவிலே நடந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது. பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைப் படித்துச் சொல்வதிலே, ஆட்டம் தெரிந்த சுமாரான வாசகர்கள், ஆட்டம் தெரியாத கெட்டிக்கார வாசகர்களை மிஞ்சிவிட்டார்கள்! எனவே, கடலைப் பற்றிய ஆங்கிலப் பாடமா? முதலிலே பத்து நிமிடம் கடலைப் பற்றித் தமிழிலே பேசுங்கள். மீனவர் வீட்டுப் பிள்ளை வகுப்பிலே இருந்தால் அவனையே பேச விடுங்கள். அதன் பிறகு புத்தகத்தைத் திறந்தால், சொற்கள் பழகிய முகங்களாக வந்து நிற்கும். ஆங்கில வகுப்பிலே தமிழ் வாய் திறக்கக் கூடாது என்பது மூடநம்பிக்கை. தமிழ் பகையல்ல, ஏணி!

கடைசியாக ஒன்று: புத்தகம். நம்மவர்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றிச் சென்ற பிஜித் தீவு நினைவிருக்கிறதா? அங்கே 1980இலே, கிராமப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளிலே, ஒவ்வொரு வகுப்புக்கும் சுமார் 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். படம் போட்ட, சுவையான, எளிய புத்தகங்கள். பூட்டிய பீரோவிலே அல்ல, பிள்ளைகளின் கையிலே கொடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே அவர்களது வாசிப்பு வளர்ச்சி வழக்கத்தைப் போல இரு மடங்காயிற்று. சிறுவர் வகுப்பிலே கண்டது என்றாலும், உயர்நிலைப் பள்ளிக்கும் நெறி ஒன்றே. நிறையப் படிக்காமல் எவனும் நன்றாகப் படிக்கக் கற்றதில்லை. காஞ்சி நெசவாளர் குடும்பத்திலே பிறந்த அண்ணா, 1962இலே மாநிலங்களவையிலே எழுந்து நின்று ஆங்கிலத்திலே பேசியபோது அவை செவிமடுத்தது என்றால், அதற்குப் பின்னே ஒரு வாழ்நாள் வாசிப்பு இருந்தது. நோட்ஸ் படித்து எவரும் அண்ணா ஆனதில்லை!

"வகுப்பிலே ஐம்பது பேர், பாடத்தை முடிக்க வேண்டும், தேர்ச்சி விழுக்காடு காட்ட வேண்டும், இதற்கெல்லாம் நேரமேது?" என்று ஆசிரியர் கேட்பார். நியாயமான கேள்வி. அவர் கழுத்திலே விழுக்காட்டுக் கயிற்றை மாட்டிவிட்டு, ஓடு என்று சொல்வதிலே பொருளில்லை. கயிற்றை அவிழ்க்க வேண்டியது அரசு. எந்த அரசானாலும், நம் அரசானாலும், நாம் வைக்கும் கோரிக்கை இதுவே.

முதலாவது, வினாத்தாளை மாற்றுங்கள். பாடநூலிலே இல்லாத எளிய பத்திக்கும், கடிதம், அறிவிப்பு, அட்டவணை போன்றவற்றுக்கும் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். பத்தியிலிருந்து வரியைப் பெயர்த்து எழுத முடியாத கேள்வி கேளுங்கள். பொருளைத் தமிழிலே விளக்கினாலும் ஒரு பங்கு மதிப்பெண் தாருங்கள், புரிந்ததா என்பதுதானே கேள்வி! வினாத்தாள் மாறினால் வகுப்பறை மறுநாளே மாறும். இரண்டாவது, வாரத்திலே இரண்டு பாடவேளையைக் குழு வாசிப்புக்கு ஒதுக்குங்கள். அந்த நேரத்திலே மதிப்பெண் வேண்டாம், மனப்பாடம் வேண்டாம். மூன்றாவது, ஆறாம் வகுப்பு முதலே வகுப்பறைக்குள் எளிய ஆங்கில நூல்களை வையுங்கள், தமிழ் நூல்களையும் வையுங்கள். கிழிந்தால் கிழியட்டும். படித்துக் கிழிந்த புத்தகம், பூச்சி அரித்த புத்தகத்தைவிட மேல். நான்காவது, இந்த முறையை ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கையால் அல்ல, வகுப்பிலே செய்து காட்டிப் பயிற்றுங்கள்.

'ஆங்கில வழி' என்று பலகையை மாற்றி எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் பெற்றோருக்கும் ஒரு சொல். பலகை படிக்காது, பிள்ளைதான் படிக்க வேண்டும். தமிழிலே கேள்வி கேட்டுப் படிக்கப் பழகிய பிள்ளை அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்கும் எடுத்துச் செல்கிறான். தமிழிலும் ஒப்பித்தே பழகியவன் எந்த மொழியிலும் ஒப்பிப்பான்.

அரசிடம் கேட்டது போதும், நம் பங்கு என்ன? ஊர்தோறும் படிப்பகம் கண்ட இயக்கம் நம்முடையது. அவற்றிலே சில இன்று பூட்டிக் கிடக்கின்றன, சில கொடியேற்றும் நாளில் மட்டும் திறக்கின்றன. ஞாயிறு காலையிலே ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். எட்டாம், ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராகக் கூட்டுங்கள். கல்லூரிக்குப் போகும் தங்கையோ தம்பியோ பக்கத்திலே உட்காரட்டும். ஓர் ஆங்கிலச் செய்தித்தாளின் ஒரே ஒரு சிறு செய்தியை எடுங்கள். முதலிலே அதைப் பற்றித் தமிழிலே பேசுங்கள். பிறகு ஒருவன் படிக்கட்டும், ஒருவன் கேட்கட்டும், ஒருவன் சுருக்கட்டும், ஒருவன் ஊகிக்கட்டும். தவறினால் சிரிக்காதீர்கள். இதற்குக் கட்டடம் வேண்டாம், நிதி வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். ஆங்கிலம் அறியாத கிளைச் செயலாளர்கூட இதை நடத்தலாம். "இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் போதும்! அந்த ஒரு கேள்விதான் வகுப்பறையிலே காணாமற்போன கேள்வி.

இன்னொரு நாள் இன்னொரு கடிதம் வரும். ஆலையிலிருந்தோ வங்கியிலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ வரும். தந்தை அதை மகனிடம் நீட்டுவார். அன்று அவன் வாய்க்குள் ஒருமுறை படித்துவிட்டு, நிமிர்ந்து, "அப்பா, ஏழு நாள் டைம் கொடுத்திருக்கான். இன்னைக்கே சங்கத்துக்குப் போவோம், வாங்க!" என்று சொல்ல வேண்டும். இருமொழிக் கொள்கை வென்றது என்று நாம் மார்தட்டிக் கொள்ளும் உரிமை அன்றுதான் நமக்குக் கிடைக்கும்.

படிப்பகத்துச் சாவி யாரிடம் இருக்கிறது, தோழர்களே? எடுங்கள், திறங்கள்!